ஆரத்தி கரைத்ததில்லையா நீ?

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் சொந்தத்தில் ஒரு மஞ்சள் நீராட்டு விழா. போன இடத்தில் மாமாவின் வேட்டியில் மஞ்சள் தண்ணீர் கொட்டிவிட்டது. மாமா என்றால் என் மாமனார். பச்சைக் கரை போட்ட எட்டு முழம் வேட்டி. அந்த வருடம் பொங்கலுக்கு எடுத்தது. முழங்காலுக்குக் கீழே இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள்.

மதுரை செல்லூரில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்து சேர இரவாகிவிட்டது. மறுநாள் காலையில் துவைக்கிற கல்லில் வேட்டியை விரித்து, கறை மேல் பார் சோப்பை அழுத்தித் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க மஞ்சள் போய்ச் சிவப்பு வந்தது. சாதாரணச் சிவப்பு இல்லை, காய்ந்த ரத்தம் மாதிரி. தண்ணீர் ஊற்றி அலசினால் கொஞ்சம் மஞ்சளாகிறது, மறுபடி சோப்புப் போட்டால் மறுபடி சிவக்கிறது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. கல்யாணமாகி வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பக்கத்தில் பிளீச்சிங் பவுடர் டப்பா இருந்தது. அதைக் கையில் எடுத்தபோதுதான் அத்தை பின்னால் வந்து நின்றார்.

"அதை வையி. கரை வெளுத்துப் போகும். ஆரத்தி கரைச்சதில்லையா நீ?" என்றார்.

முதலில் எனக்குப் புரியவில்லை. அப்புறம் அவரே சொன்னார். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு போட்டால் சிவக்கிறது இல்லையா, அதேதான் இது. சுண்ணாம்பிலும் காரம் இருக்கிறது, சோப்பிலும் காரம் இருக்கிறது. மஞ்சளில் இருக்கிற குர்குமின் என்ற நிறப்பொருள் காரம் பட்டால் சிவக்கும், காரம் போனால் பழையபடி மஞ்சளாகும். துணி கெட்டுப்போகவில்லை. "சோப்பு போற வரைக்கும் நல்லா அலசிட்டு வெயில்ல போடு. மிச்சத்தை சூரியன் பாத்துக்குவான்" என்றார்.

மொட்டை மாடியில் கறை பட்ட பக்கம் மேலே தெரிகிற மாதிரி கொடியில் போட்டேன். காய்ந்ததும் லேசாகத் தண்ணீர் தெளித்து மறுபடி காயப்போட்டேன். அன்று சாயங்காலமே பாதி போயிருந்தது. மூன்றாம் நாள் எந்த இடத்தில் கறை இருந்தது என்று தேட வேண்டியிருந்தது. குர்குமின் வெளிச்சம் தாங்காது. மதுரை வெயிலைத் திட்டாத ஆள் கிடையாது, மஞ்சள் கறைக்கு மட்டும் இதைவிட நல்ல மருந்து நான் பார்த்ததில்லை. சாயத்துணி என்றால் வெயிலில் அதன் நிறமும் சேர்ந்து வெளிறும் என்பதால், அதில் மட்டும் அரை மணி நேரத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்துக்கொள்வேன்.

நான் வீட்டில் ப்ளவுஸ் தைத்துக் கொடுக்கிறவள். ஊரார் துணி தினமும் என் கையில் இருக்கிறது. அதனால் துணி விஷயத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. துணி பெரும்பாலும் அழுக்கால் கெடுவதில்லை. கறை பட்டவுடன் பதறிப்போய் நாம் செய்கிற வேலையால்தான் கெடுகிறது. என்ன கறை, என்ன துணி என்று பார்க்க ஒரு நிமிடம் ஒதுக்கினால் முக்கால்வாசித் துணியைக் காப்பாற்றிவிடலாம்.

ரத்தக் கறையையே எடுத்துக்கொள்ளுங்கள். சுடுதண்ணீர் ஊற்றினால் அது வெந்து இழையில் ஒட்டிக்கொள்ளும், முட்டை வெந்தால் இறுகுகிற மாதிரி. பச்சைத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், அதுவும் உடனே. எங்கள் தொழிலில் ஊசி குத்தாத நாளே கிடையாது. வெளிர் நிறப் பட்டு ப்ளவுஸில் ஒரு பொட்டு ரத்தம் பட்டுவிட்டால் தையல்காரர்கள் செய்கிற வேலை ஒன்று இருக்கிறது. வெள்ளைப் பருத்தி நூலை வாயில் போட்டு நன்றாக நனைத்து, அந்த ஈர நூல் உருண்டையால் ரத்தப் பொட்டின் மேல் ஒற்றி ஒற்றி எடுப்போம். அவரவர் ரத்தத்துக்கு அவரவர் எச்சில் என்பது எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த அக்காவின் பேச்சு. சின்னப் பொட்டு என்றால் போய்விடும். அதன்பிறகு அந்த இடத்தை மட்டும் பச்சைத் தண்ணீரில் ஒற்றிவிட வேண்டும்.

பாலில் செய்தவற்றுக்கும் இதே கணக்குத்தான். ஜிகர்தண்டா சட்டையில் கொட்டினால் சுடுதண்ணீர் வேண்டாம், பச்சைத் தண்ணீரில் அலசிவிட்டு அப்புறம் சோப்புக்குப் போங்கள்.

சால்னா கறைதான் இந்த ஊரில் பெரிய தலைவலி. ராத்திரி பரோட்டா சாப்பிட்டு வந்த சட்டையைப் பார்த்தாலே தெரியும். அதில் எண்ணெயும் இருக்கிறது, மஞ்சளும் மிளகாய் நிறமும் இருக்கிறது. முதலில் எண்ணெயை எடுக்க வேண்டும். தண்ணீர் படாமல், காய்ந்த துணி மேலேயே பாத்திரம் கழுவுகிற லிக்விட் இரண்டு சொட்டு விட்டு, விரலால் மெதுவாகத் தேய்த்துப் பத்து நிமிடம் விட்டுவிடுவேன். பாத்திரத்து எண்ணெயை எடுக்கிற சாமான் துணியில் இருக்கிற எண்ணெயையும் எடுக்கும். அதன்பிறகு வழக்கம்போலத் துவைத்துவிட்டு, மிஞ்சுகிற மஞ்சளை வெயிலுக்கு விட்டுவிடலாம். எண்ணெய் போகாமலே வெயிலில் போட்டால் அந்த இடம் பழுப்பாக நின்றுவிடும். வரிசை மாறக் கூடாது. லிக்விட் கையில் இல்லாத இடத்தில், கல்யாண வீட்டில் என்று வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் முகப்பவுடரைக் கறை மேல் தூவி வைத்தால் எண்ணெயைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். வீட்டுக்கு வந்து மற்றதைப் பார்க்கலாம்.

பேனா மைக்கு கொரோனா காலத்து சானிடைசர் நன்றாக வேலை செய்கிறது. ஸ்பிரிட்டில் பால்பாயின்ட் மை கரையும். கறைக்கு அடியில் ஒரு பழைய துணியை வைத்து, மேலே சானிடைசர் விட்டு ஒற்ற வேண்டும். தேய்த்தால் கறை பரவும்.

வாழைக்கறைக்கு மட்டும் என்னிடம் முழுப் பதில் கிடையாது. பட்டவுடன் அது கண்ணுக்கே தெரியாது. துவைத்துக் காய்ந்த பிறகுதான் பழுப்பாக எழுந்து நிற்கும். வெள்ளைப் பருத்தி என்றால் எலுமிச்சையும் உப்பும் தேய்த்து வெயிலில் வைத்தால் கொஞ்சம் மங்கும், முழுக்கப் போகாது. அதனால் வாழைத்தண்டு, வாழைப்பூ நறுக்குகிற அன்றைக்குப் பழைய நைட்டிதான் போடுவேன். கையில் எண்ணெய் தடவிக்கொள்வேன்.

தண்ணீர் விஷயம் மதுரைக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு. பார் சோப்பைப் போட்டால் நுரை வராது, திரிந்த பால் மாதிரி வெள்ளையாக மிதக்கும். தண்ணீரில் இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து ஆகிற பிசுக்கு அது. அந்தப் பிசுக்குத்தான் துணியில் படிந்து வெள்ளைச் சட்டையைச் சாம்பல் நிறமாக்குகிறது, துண்டை முறம் மாதிரி விறைக்க வைக்கிறது. நான் பல வருடம் இதை அழுக்கு என்று நினைத்து இன்னும் அதிகமாக சோப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். சோப்பு கூடக் கூடப் பிசுக்கும் கூடியதுதான் மிச்சம்.

இப்போது செய்வது இதுதான். உப்புத் தண்ணீரில் பார் சோப்பை விட்டுவிட்டு சலவைத் தூள் போடுகிறேன், அதுவும் அளவாக. ஒரு பக்கெட்டுக்கு ஒரு ஸ்பூன் சலவை சோடா சேர்த்தால் தண்ணீரின் கடினம் குறையும். ஆனால் பட்டுக்கும் கம்பளிக்கும் சலவை சோடா ஆகாது. குழாய்த் தண்ணீர் வருகிற அன்று இரண்டு குடம் தனியாகப் பிடித்து வைத்து, கடைசி அலசலுக்கு மட்டும் அதை எடுத்துக்கொள்வேன். துவைப்பது எந்தத் தண்ணீராக இருந்தாலும் பரவாயில்லை, கடைசியாக அலசுகிற தண்ணீர் நல்ல தண்ணீராக இருந்தால் துணிக்குத் தெரியும். விறைத்துப்போன துண்டுகளுக்கு மாதம் ஒரு முறை கடைசி அலசலில் அரை டம்ளர் வெள்ளை வினிகர் ஊற்றுகிறேன். படிந்த உப்பு கரைந்து துண்டு பழையபடி தண்ணீரை உறிஞ்சும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், பிளீச்சிங் போட்ட தண்ணீரில் வினிகரை ஊற்றவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், மூச்சை அடைக்கும். பிளீச்சிங் பட்டுத் துணியையும் அரித்துவிடும். என் வீட்டில் அந்த டப்பா இப்போது கழிவறைக்கு மட்டும்தான்.

வெள்ளைச் சட்டைக்கு நீலம் போடுகிறவர்கள் பக்கெட்டில் நன்றாகக் கலக்கிவிட்டுத் துணியைப் போடுங்கள். துணி மேல் சொட்டினால் அது திட்டாகத்தான் நிற்கும்.

எங்கள் தெருமுனையில் தேய்ப்பு வண்டி வைத்திருக்கிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். கரிப்பெட்டிதான். நாற்பது வருடமாக அதே வேப்பமரத்தடி. ஒரு நாள் என் வீட்டுக்காரர் சட்டையைக் கொடுத்தபோது காலரைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "தாயி, காலர்ல அழுக்கு இருக்கு. இப்பத் தேய்ச்சா சூட்டுல உள்ள போய் ஒட்டிக்கிரும். அப்புறம் நீங்க எதைப் போட்டாலும் வராது. தொவைச்சுட்டுக் கொண்டாங்க." அன்றைக்கு அவருக்கு அந்தச் சட்டைக் காசு போனது. அவர் சொன்ன பிறகு, காலருக்கும் அக்குளுக்கும் துவைப்பதற்கு அரை மணி நேரம் முன்னாலேயே சலவைத் தூளைக் குழைத்துத் தடவி வைப்பது என் வழக்கமாகிவிட்டது. பிரஷ் போட்டு அழுத்தித் தேய்த்தால் அழுக்கு போவதற்கு முன்னால் காலர் நைந்துவிடும்.

வடித்த கஞ்சி போடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பருத்திச் சேலைக்கும் வேட்டிக்கும் வடித்த கஞ்சியைப் போல மினுக்கு வேறு எதுவும் தராது. வடிகட்டி, நீர்க்க விளாவிப் போட வேண்டும், கட்டியாகப் போட்டால் மடிப்பில் வெடிக்கும். ஆனால் கஞ்சி போட்ட துணியை மாதக்கணக்கில் பீரோவில் அடுக்காதீர்கள். கரப்பானுக்கும் வெள்ளிப்பூச்சிக்கும் அந்த மாவுதான் சாப்பாடு. மாவைத் தின்ன வந்தது துணியையும் சேர்த்துத் தின்றுவிட்டுப் போகும். எடுத்து வைக்கிற துணியைக் கஞ்சி போக அலசித்தான் வைக்க வேண்டும்.

என் அம்மாவின் சுங்குடிச் சேலை ஒன்று என்னிடம் இருக்கிறது. அரக்குச் சிவப்பில் வெள்ளைப் புள்ளி. மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இங்குள்ள சௌராஷ்டிர மக்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருகிற வேலை. ஒவ்வொரு புள்ளியும் துணியைக் கிள்ளி நூலால் முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி எடுத்து, அப்புறம் முடிச்சை அவிழ்த்தால் வருவது. முடிச்சு இருந்த இடம் வெள்ளையாக நிற்கும், தொட்டுப் பார்த்தால் சின்னதாக மேடு தட்டுப்படும். கைவிரலால் போட்ட ஆயிரக்கணக்கான முடிச்சு என்று தெரிந்த பிறகு அந்தச் சேலையைக் கல்லில் அடிக்க எனக்கு மனசு வரவில்லை.

சாயம் போகிற துணியைக் கல்லுப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். என் அம்மாவும் சொல்வார். நான் பார்த்த வரைக்கும் நிற்பதில்லை. சாயம் ஏற்றுகிறபோது உப்பு உதவும், ஏறி முடிந்த சாயத்தைப் பிடித்து வைக்கிற வேலையை அது செய்யாது. தனியாகத் துவைப்பதுதான் வழி. முதல் மூன்று நான்கு தடவை எந்தத் துணியோடும் சேர்க்காமல், ஊறவைக்காமல், பச்சைத் தண்ணீரில் சட்டென்று அலசி, உள்பக்கம் வெளியே வர நிழலில் போட வேண்டும். சாயம் போகுமா என்று முன்னாலேயே தெரிய வேண்டுமென்றால் வெள்ளைத் துணியை நனைத்து, உள் ஓரத்தில் ஒரு இடத்தில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் பதில் கிடைத்துவிட்டது. தப்பித் தவறி வேறு துணியில் சாயம் பிடித்துவிட்டால் காயவிடக் கூடாது. ஈரமாக இருக்கிறபோதே திரும்பத் துவைத்தால் பெரும்பாலும் போய்விடும்.

தையல்காரியாக ஒன்று சொல்கிறேன், இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். தொழில் ஆரம்பித்த புதிதில் ஒரு அக்காவுக்குப் பட்டு ப்ளவுஸ் தைத்தேன். லைனிங் துணியை அப்படியே வெட்டித் தைத்துவிட்டேன். முதல் தடவை நனைத்ததும் லைனிங் சுருங்கி, மேல்துணி அங்கங்கே உப்பிக்கொண்டு நின்றது. அவர் சத்தம் போடவில்லை, ப்ளவுஸை என் மேசையில் விரித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்த ப்ளவுஸை முழுக்கப் பிரித்து, என் செலவில் புது லைனிங் போட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து லைனிங்கை ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்துத் தேய்த்த பிறகுதான் கத்தரியை எடுப்பேன். சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கக் கொடுக்கிறவர்களும் இதைக் கேளுங்கள். ஃபால்ஸ் துணியை நனைத்துக் காயவைத்துக் கொடுத்தால் சேலையின் அடி ஓரம் சுருக்கு விழாமல் நேராகத் தொங்கும். ஐந்து நிமிட வேலைதான்.

சட்டைப் பட்டன் அடிக்கடி அறுந்து விழுகிறது என்றால் துணியோடு ஒட்டித் தைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். தைக்கிறபோது பட்டன் மேலே ஒரு தீக்குச்சியை வைத்து, குச்சிக்கு மேலாக நூலை ஓட்டுங்கள். முடிந்ததும் குச்சியை உருவிவிட்டுப் பட்டனை மேலே தூக்கினால் அடியில் கொஞ்சம் நூல் தளர்வாக இருக்கும். அந்த நூலைச் சுற்றி நான்கு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட வேண்டும். பட்டன் குட்டிக் காலில் நிற்கிற மாதிரி நிற்கும். துணியையும் இழுக்காது. ஜிப் திக்கினால் பல்வரிசையில் மெழுகுவத்தியைத் தேய்த்து இரண்டு முறை ஏற்றி இறக்குங்கள், போதும்.

ஷூ பற்றி எனக்கு முதல் பாடம் அழகர் ஆற்றில் இறங்கிய அன்றைக்கு. என் வீட்டுக்காரருக்கு நைட் டூட்டி. விடியற்காலையில் வேலை முடிந்து நேரே ஏ.வி. பாலத்துப் பக்கம் வந்துவிட்டார், காலில் தோல் ஷூவோடு. நானும் அத்தையும் சர்க்கரைச் சொம்பும் சூடமுமாகக் கூட்டத்துக்குள் நின்றோம். அந்த வருடம் அழகருக்குப் பச்சைப் பட்டு. சுற்றிலும் தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுகிறார்கள், ஆற்று மணலும் சேறும் கணுக்கால் வரைக்கும். வீட்டுக்கு வந்தபோது ஷூவைக் கவிழ்த்தால் தண்ணீர் கொட்டியது. சேறு காயட்டும் என்று நான் அதை மொட்டை மாடியில் சித்திரை வெயிலில் வைத்தேன். மஞ்சள் கறையைப் போக்கிய அதே வெயில்தானே என்று ஒரு தைரியம். சாயங்காலம் எடுத்துப் பார்த்தபோது ஷூ பலகை மாதிரி இறுகியிருந்தது. விரல் மடங்குகிற இடத்தில் குறுக்கே மூன்று வெடிப்பு. எத்தனை பாலிஷ் போட்டும் அந்த வெடிப்பு மறையவே இல்லை.

தோல் நனைந்தால் வெயிலும் கூடாது, அடுப்புச் சூடும் கூடாது, ஹேர் ட்ரையரும் கூடாது. சேற்றை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, உள்ளே பழைய பேப்பரைக் கசக்கித் திணித்து, ஃபேன் காற்றில் நிழலில் வைக்க வேண்டும். பேப்பர் ஈரத்தை உறிஞ்சும், ஷூவின் வடிவத்தையும் பிடித்து வைக்கும். முதல் நாள் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பேப்பரை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் நனைந்த பேப்பர் உள்ளேயே கிடந்து நாறும். இரண்டு நாள் பொறுத்து, முழுக்கக் காய்ந்த பிறகு பாலிஷ். வெள்ளை ஷூவுக்கு அச்சடித்த பேப்பர் வேண்டாம், மை ஒட்டும். பழைய நோட்டின் எழுதாத பக்கங்களைத் திணியுங்கள்.

ஐப்பசி மழையில் பள்ளிக்கூட ஷூவோடு படுகிற பாடு எல்லா அம்மாக்களுக்கும் தெரியும். முடிந்தால் இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். ஒரு நாள் போட்ட ஷூ மறுநாள் காய்ந்தால்தான் நாற்றம் பிடிக்காது. நாற்றம் பிடித்துவிட்டால், ஓட்டையான சாக்ஸில் இரண்டு ஸ்பூன் ஆப்ப சோடாவைப் போட்டுக் கட்டி ராத்திரி ஷூவுக்குள் வைப்பேன். சாக்ஸை எப்போதும் உள்பக்கம் வெளியே வரத் திருப்பித் துவைக்க வேண்டும், அழுக்கும் வியர்வையும் உள்ளேதான் இருக்கின்றன.

வெள்ளைக் கேன்வாஸ் ஷூ துவைத்துக் காய்ந்ததும் மஞ்சளாகத் திட்டு விழுகிறதா? சோப்பு முழுக்கப் போகவில்லை. நன்றாக அலசி, ஈரமாக இருக்கிறபோதே வெள்ளை டிஷ்யூ பேப்பரை ஷூ மேல் ஒட்டினாற்போலச் சுற்றிக் காயவையுங்கள். ஈரத்தோடு மேலே வருகிற மஞ்சள் பேப்பரில் தங்கிவிடும், பேப்பரை உரித்தால் ஷூ வெள்ளையாக இருக்கும். என் மகன் இதைப் பார்த்துவிட்டு முட்டை உரிக்கிற மாதிரி இருக்கிறது என்று தானே செய்ய ஆரம்பித்துவிட்டான். காலையில் அவசரத்துக்குச் சின்னக் கறை தெரிந்தால் சாக்பீஸைத் தேய்த்து அனுப்பலாம்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. நல்ல ஷூ என்று பொத்திப் பொத்திப் பெட்டிக்குள் வைப்போம். என் தம்பி அப்படித்தான் ஒரு ஜோடியை நான்கு வருடம் வைத்திருந்தான். திருப்பரங்குன்றத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போட்டுப் போனான். மண்டபத்துப் படியேறுகிறபோதே அடிப்பாகம் பிட்டுப் பிட்டாக உதிர்ந்துவிட்டது, நடந்த வழியெல்லாம் கறுப்புத் தூள். ஏமாற்றிவிட்டார்கள் என்று கடைக்காரரைத் திட்டினான். கடைக்காரர் மேல் தப்பில்லை. பாலியூரித்தேன் என்கிற பொருளில் செய்த அடிப்பாகம் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்து, போடாமல் வைத்திருந்தாலும் உள்ளுக்குள்ளேயே இற்றுப்போகும். பூட்டி வைத்தால் இன்னும் சீக்கிரம். அப்படிப்பட்ட ஷூவை அவ்வப்போது போட்டு நடப்பதுதான் நல்லது. விசேஷத்துக்கு ஒரு வாரம் முன்னால் எடுத்து, வீட்டுக்குள் பத்து நிமிடம் போட்டு நடந்து பாருங்கள்.

செருப்புக் கடிக்குத் தேங்காய் எண்ணெய் போதும், கடிக்கிற ஓரத்தில் தடவி ஒரு ராத்திரி வைத்தால் தோல் இளகும். நிறையத் தடவினால் தூசி ஒட்டும். ரப்பர் செருப்பின் வார் அடியில் கழன்று வந்தால், அந்தக் குமிழை ஓட்டை வழியாகக் கீழே இழுத்து, குமிழுக்கு மேலே வாரில் ஒரு ஊக்கைக் குத்திவிட்டால் வீடு வரைக்கும் தாங்கும், சில சமயம் ஒரு மாதமும் தாங்கும். ஷூவின் அடிப்பாகம் வாய் பிளந்தால் கடைப் பசையைப் பிதுக்கி ஒட்டுவதை விட்டுவிட்டு, செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்துச் சுற்றிலும் மெழுகு நூல் தையல் போடச் சொல்லுங்கள். அவர் கேட்கிற காசில் பேரம் பேசாதீர்கள், அந்தத் தையல் இன்னும் இரண்டு வருடம் நடக்கும்.

கடைசியாகப் பட்டு. பாலிதீன் பையில் வைத்தால் உள்ளே ஈரம் அடைபட்டுச் சரிகை கறுக்கும். பழைய மல் துணியில், அல்லது நைந்த வெள்ளை வேட்டியைக் கிழித்து அதில் சுற்றி வையுங்கள். பாச்சை உருண்டை வேண்டாம் என்பேன், குறிப்பாகக் கைக்குழந்தை இருக்கிற வீட்டில். அதில் இருக்கிற நாப்தலின் சில குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், உருண்டையோடு வைத்த துணியைக் குழந்தைக்குப் போர்த்தினாலே போதும். எங்கள் வீட்டில் வசம்பைத் தட்டிச் சின்னத் துணியில் முடிந்து நாலு மூலையிலும் போடுகிறோம். நிழலில் காயவைத்த வேப்பிலையும் உண்டு. வாசம் குறைந்ததும் மாற்றிவிடுவோம். தண்ணீரில் நனைக்க வேண்டிய லேசான பட்டு என்றால் கொட்டை நீக்கிய பூந்திக்கொட்டையை ராத்திரி ஊறவைத்து, காலையில் கசக்கி வடிகட்டிய நுரையில் முக்கி எடுப்பேன். கனத்த சரிகை போட்டதைச் சலவைக்குத்தான் கொடுப்பேன்.

அம்மாவின் கல்யாணப் பட்டை நான் முதலில் பிரித்தபோது மடிப்பு விழுந்த கோட்டிலேயே இழை விட்டிருந்தது. முப்பது வருடம் ஒரே மடிப்பில் இருந்திருக்கிறது. மடிப்பு ஒரே இடத்தில் நின்றால் பட்டும் சரிகையும் அந்தக் கோட்டில் முறிந்துவிடும். இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு முறை, மழையில்லாத நாளாகப் பார்த்து, கட்டிலில் போர்வை விரித்து என் சேலைகளை எல்லாம் பிரித்துப் போடுகிறேன். ஜன்னல் காற்று படட்டும் என்று ஒரு மணி நேரம் விட்டுவிட்டு, மறுபடி மடிக்கிறபோது போன தடவை விழுந்த கோட்டுக்கு நாலு விரல் தள்ளி மடிப்பேன். என் மகள் மறுமுனையைப் பிடித்துக்கொள்வாள். எது பழைய கோடு என்று அவளுக்கும் இப்போது தெரியும்.